வெள்ளவத்தையில் போட்ட நங்கூரம்

ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கத் தெரியாதவர்கள் நங்கூரம் வாங்கப் போகக்கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் பயனில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழும்பிப் போயிருப்பேன்.

அந்த நாட்களில் எனக்கு இருபத்தெட்டு வயது. உடம்புக்குள் யாரோ ஒரு மின்விசிறியைப் பூட்டிவிட்டு, அதை நிறுத்தும் ஆளியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டதுபோல இருந்தேன். ஜெர்மன் படிக்கப் போய் எண்கள் வரும் பாடத்தோடு நின்றேன். கேக்குக்கு ஐசிங் போடப் பழகி, ஒரு ரோஜாவின் பாதி வரை வந்தேன். கட்டிலுக்குக் கீழே ஒரு கிற்றார் இருந்தது. (அம்மா அதன்மேல் வெங்காயம் காயப்போடுவார்.)

வேலை கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில். அது கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் நான் செய்தது ஒருகொடவத்தையில் அடுக்கியிருக்கும் கொள்கலன்களின் இலக்கங்களைக் கணினியில் அடிப்பது. ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் இருந்த எல்லா அன்ரிமாரும் நான் கப்பல் ஓட்டுவதாகவே நம்பினார்கள். நாளடைவில் நானும் கொஞ்சம் நம்பத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்து மேசையில் பர்ஹானா. கொட்டாஞ்சேனைக்காரி. என்னைப்போலவே அவளுக்கும் கதிரையில் உட்கார்ந்தால் சுடும். ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டு போனைத் தட்டியபோது, பொல்கொடை ஏரியில் ஒரு பழைய ஃபைபர் வள்ளம் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது. பதினாலு அடி. இரண்டு துடுப்பு, பின்னால் நினைத்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு சின்ன எஞ்சின். வியாழக்கிழமை பார்த்தோம். சனிக்கிழமை வாங்கிவிட்டோம்.

அம்மா செய்தி கேட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஊரில பிள்ளையள் வீடு வாங்குதுகள், நகை வாங்குதுகள். நீ வள்ளம் வாங்கியிருக்கிறாய். ஆரைக் கடத்தப் போறாய்?"

"சும்மா ஏரியில ஓடத்தான் அம்மா."

"சரி ஓடு. ஆனா உன்ர கலியாணம் ஒண்டு சரிவரும்வரைக்கும் வள்ளம் எண்ட சொல்லு இந்த வீட்டை விட்டு வெளியில போகக்கூடாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. அம்மா அப்போது கல்கிசையில் ஒரு குடும்பத்தோடு போனில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். பையன் மென்பொருள் வேலை. பெயர் அரவிந்தன். பொருத்தம் அருமை என்று மூன்று சாத்திரிமார் சொல்லிவிட்டார்கள்.

பொல்கொடையில் நாங்கள் வள்ளம் கட்டிய இடத்தின் சொந்தக்காரர் லால் அங்கிள். நல்ல மனிதர். ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு வள்ளத்துக்கும் சொந்தமாக ஒரு நிரந்தர நங்கூரம் வேண்டும். அதாவது, ஏரியின் அடியில் எப்போதும் கிடக்கவேண்டிய ஒன்று. அதிலிருந்து ஒரு சங்கிலி மேலே வந்து மிதவையில் முடியும். வள்ளத்தை அந்த மிதவையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக வீட்டில் தூங்கலாம்.

நிம்மதியாம்! நான் அன்றிலிருந்து தூங்கவே இல்லை. இணையத்தில் தேடினேன். பாரமான கல்லைப் போடலாம் என்றது ஒன்று. காளான் மாதிரிக் கவிழ்ந்த தலையுள்ள இரும்பு நங்கூரம்தான் சேற்றுக்கு நல்லது என்றது இன்னொன்று. திருகாணி மாதிரித் தரைக்குள் முறுக்கி இறக்குவதே சிறந்தது என்றது மூன்றாவது. காலையில் கல், மத்தியானம் காளான், பின்னேரம் திருகாணி என்று ஒவ்வொரு நாளும் என் முடிவு மாறியது. தையல்காரரிடம் கேட்டேன். பல்வைத்தியர் வாய்க்குள் கருவியை விட்டிருந்தபோது, "ஏற்றுக்கு எது அல்லது?" என்று கேட்டேன். (சேற்றுக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி. அவர் பயந்துபோய் இன்னொரு ஊசி போட்டார்.)

கடைசியில் காளானே வென்றது. படம் அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. படத்துக்குக் கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. நான் கீழே போகவில்லை.

காளான் நங்கூரம் கொழும்பில் எங்கும் கிடைக்கவில்லை. ஒருநாள் பர்ஹானா வீட்டுக்குப் போகும் வழியில், கொட்டாஞ்சேனைக் கடை ஒன்றின் முன்னால் கலியாண வீட்டுச் சமையலுக்கு வாங்கும் பெரிய இரும்புத் தாச்சிகள் வரிசையாகத் தொங்கியதைக் கண்டேன். நடுவீதியில் நின்றுவிட்டேன்.

"பர்ஹானா, பார். இதுதான் காளான்ர தலை. நடுவில ஒரு கம்பியை ஒட்டினா நங்கூரம்!"

"ஏய், இதுல எங்கட உம்மா புரியாணி ஆக்குற."

"ஆக்கட்டும். நாங்கள் இதில வள்ளம் கட்டுவம்."

பர்ஹானாவின் மாமாவுக்கு அதே தெருவில் வெல்டிங் பட்டறை. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தாச்சியின் உள்நடுவில் தடித்த கம்பியை ஒட்டி, நுனியில் ஒரு வளையமும் வைத்துத் தந்தார். ஓட்டோவில் ஏற்றினோம். ஓட்டோக்காரர் வழியெல்லாம் எந்த வீட்டுக் கலியாணம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பொல்கொடையில் லால் அங்கிள், அவருடைய மனைவி, பக்கத்து வள்ளக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நானும் பர்ஹானாவும் எங்கள் வள்ளத்தில் போய், நங்கூரத்தை மிக மரியாதையாக, மெதுவாக, இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கினோம்.

அது மிதந்தது.

தாச்சி என்றால் மிதக்கும்தானே. அது ஒரு வட்ட வள்ளம். எங்கள் வள்ளத்தைவிட அழகாக மிதந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாய்க்குட்டி மாதிரி எங்கள் வள்ளத்தில் மெதுவாக முட்டியது.

"வாசுகி," என்றாள் பர்ஹானா அடிக்குரலில், "நங்கூரம் மிதந்துகொண்டு ஈக்கி."

"எனக்குத் தெரியுது. சிரிக்காதை. எல்லாரும் பாக்கினம்."

கரையில் லால் அங்கிள் ஏற்கெனவே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டு அவ்வளவு சிரிக்க முடியாது. பர்ஹானா துடுப்பால் தாச்சியின் விளிம்பை அழுத்தினாள். அது 'குளக்' என்று தண்ணீர் குடித்து, ஒருமுறை சாய்ந்து, மறைந்தது. நாங்கள் கைதட்டினோம். உலகத்தில் தங்கள் நங்கூரம் தாழ்ந்ததற்குக் கைதட்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அதன் வளையத்தில் முடிந்திருந்த கயிற்றிலேயே வள்ளத்தைக் கட்டினோம். ஆனால் லால் அங்கிள், இது பொரிக்கத்தான் சரி, காற்றுக்கு முன்னம் உண்மையான நங்கூரம் ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

இப்போது அப்பா உள்ளே வருகிறார். அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கட்ட ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவர்கள் நேராக இருக்கின்றனவா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, இல்லை என்று கண்டு, அந்த வேதனையோடு வாழ்ந்துகொண்டிருந்தார். நான் தாச்சிக் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொங்கிறீற்றுத்தான் பிள்ளை. வேற கதையே இல்லை. ஆனா ஒண்டு, தண்ணிக்குள்ள போனா அது கிட்டத்தட்ட அரைவாசிப் பாரத்தை இழந்துபோடும். அதால நாங்கள் இரட்டிப்பாப் போட வேணும்."

"அவ்வளவு பாரம் தேவையோ அப்பா? சின்ன வள்ளம்தானே."

"காத்து சின்ன வள்ளம் பெரிய வள்ளம் எண்டு பாத்தே அடிக்குது?"

எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் எங்களுக்கென்று ஒரு வாகனத் தரிப்பிடம் இருந்தது. அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காரை விற்றுவிட்டோம். இடம் சும்மா கிடந்தது. கொங்கிறீற்றை வார்த்த பிறகு காலையும் மாலையும் நனைக்கவேண்டும், அதற்குப் பொல்கொடைக்கு ஓடமுடியாது, ஆகவே இங்கேயே வார்ப்போம் என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு படித்தவர்கள் சேர்ந்து யோசித்தால் இப்படித்தான்.

பலகை அடித்தோம். கம்பி கட்டினோம். மூன்றடி சதுரம், ஒரு சாண் உயரம், சேற்றை உறிஞ்சிப் பிடிக்க அடியில் ஒரு பள்ளம், மேலே நடுவில் பெருவிரல் தடிப்புக் கம்பியை வளைத்து ஒரு கொளுக்கி. அப்பா மண்ணும் சீமெந்தும் கலந்த அன்று, அவர் சீட்டியடித்ததை நான் முதன்முறையாகக் கேட்டேன். பிறகு அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, நாள்தோறும் வாளியோடு இறங்கிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். வாசலில் நிற்கும் காவலாளி குணபால சாக்கைப் பார்த்து, உள்ளே யார் என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார்.

கல் நன்றாக இறுகியது. ஏற்றுவதற்கு நாலு பேரைக் கூட்டி வந்தேன். அவர்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்தது. பாரந்தூக்கி பூட்டிய லொறி ஒன்றைக் கொண்டுவந்தால், தரிப்பிடத்தின் கூரை உயரத்துக்கு அது உள்ளேயே வரவில்லை.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

"நீ என்ன கேட்டனீ? அசையாத நங்கூரம்தானே கேட்டனீ?" என்றார் அப்பா. கண்களில் அப்படியொரு பெருமை. "இது அசையுதோ?"

அந்தக் கிழமைதான் அம்மா வந்து, ஞாயிற்றுக்கிழமை கல்கிசையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றார். அவர் கீழே போய்க் கல்லைப் பார்த்தார். பழைய கம்பளம் ஒன்றை அதன்மேல் விரித்தார். இரண்டு பக்கமும் பூச்சாடி வைத்தார். வருகிறவர்கள் காரை வெளியே வீதியில் விடட்டும் என்று குணபாலவுக்குத் தமிழில் சொன்னார். குணபாலவுக்குத் தமிழ் அவ்வளவு வராது. கார், வருகிறார்கள் என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவர் பூச்சாடிகளையெல்லாம் மரியாதையாக ஓரத்துக்கு நகர்த்தி, இடம் ஒதுக்கி வைத்தார்.

ஞாயிறு காலை பர்ஹானா எனக்குச் சேலை கட்டிவிட வந்தாள். நான் அசைந்துகொண்டே இருந்ததால் ஊசி மூன்றுதரம் தோளில் ஏறியது. அப்போது கீழே இருந்து குணபாலவின் குரல் கேட்டது.

"என்ன! என்ன! என்ன! என்ன!"

சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்'. பின்பக்கமாக உள்ளே வரும் காருக்கு வழிகாட்டுகிறார் என்பது எனக்கு ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது. பர்ஹானா ஊசியோடு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கீழே 'கிறீச்' என்று ஒரு நீளமான சத்தம், பிறகு 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சின்னச் சத்தம்தான் மோசமானது.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். எனக்கு முன்னால் அப்பா ஓடிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் கார் ஒன்று எங்கள் தரிப்பிடத்தில் நின்றது. பின்பக்க பம்பர் கம்பளத்தின் மேலால் போய், அப்பாவின் கொளுக்கியைத் தாண்டி, அந்தப் பக்கம் விழுந்து மாட்டியிருந்தது. ஓட்டிவந்தவர் மாப்பிள்ளையின் தகப்பன், மகேந்திரன் அங்கிள். காரை முன்னால் எடுக்கப் பார்த்தார். பம்பர் அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் போட்டது. நிறுத்தினார். எங்கள் நங்கூரம் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒன்றைப் பிடித்துவிட்டது.

அவருடைய மனைவி இறங்கி, கம்பளத்தை விலக்கிப் பார்த்தார்.

"உதென்ன கல்லு?"

"அது... கோயிலுக்கு," என்றார் அம்மா, மூச்சு வாங்க. "கோயிலுக்கு ஒரு கல்லுக் குடுக்கிறம்."

அப்பா அம்மாவை ஆச்சரியத்தோடு பார்த்தார். அவருக்குப் பொய் வராது. வராதது மட்டுமல்ல, மற்றவர்கள் சொல்வதும் புரியாது.

"கோயிலுக்கோ? இது வள்ளத்தின்ர நங்கூரமெல்லே. அடியில பள்ளம் இருக்கு, பாத்தியளோ? சேத்துக்கை போனா உறிஞ்சிப் பிடிக்கும்."

"ஆற்ற வள்ளம்?" என்றார் அன்ரி.

"பிள்ளையின்ர."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மகேந்திரன் அங்கிள் மட்டும் காரை மறந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை அடி?"

"பதினாலு அங்கிள்."

"இஞ்சேருங்கோ," என்றார் அன்ரி, "முதல்ல காரைப் பாருங்கோ."

காரைப் பார்த்தோம். காரை உயர்த்தும் ஜக் ஒன்று இருந்தால் பின்பக்கத்தைத் தூக்கி எடுத்துவிடலாம். அவர்களுடைய ஜக் கல்கிசை வீட்டில் இருந்தது. குணபால ஒவ்வொரு பிளாட்டாகப் போய்க் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காரோடு ஜக்கும் வெளியூர் போயிருந்தது. பர்ஹானா தன் மாமாவுக்குப் போன் எடுத்தாள். இரும்பு வெட்டும் மெஷினோடு வருகிறேன், ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் என்றார் மாமா. அதற்கிடையில் எதை வெட்டுவது என்று ஒரு சண்டை. கொளுக்கியை வெட்டினால் அது வெறும் கல் என்றார் அப்பா. பம்பரை வெட்டினால் அது வெறும் கார் என்றார் அன்ரி. முடிவில், வந்த காரியத்தையாவது பார்ப்போம் என்று எல்லோரும் மேலே போனோம்.

அரைமணித்தியாலம் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள், போகவே முடியாதவர்களாக எங்கள் சோபாவில் அமர்ந்தார்கள். அம்மா பற்றிஸ் கொடுத்தார், கேசரி கொடுத்தார், மறுபடியும் பற்றிஸ் கொடுத்தார். நான் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். அதாவது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தேன். அப்பாவும் மகேந்திரன் அங்கிளும் ஒரு மூலையில் தலையோடு தலை முட்ட, பற்றிஸ் சுற்றிய கடதாசியில் ஏரியின் குறுக்குவெட்டு வரைந்துகொண்டிருந்தார்கள்.

"பிள்ளையள் ரெண்டும் பல்கனியில நிண்டு கதைக்கட்டன்," என்றார் அம்மா, கடைசி நம்பிக்கையாக.

அரவிந்தன் நல்ல மனிதர். வீட்டிலிருந்தே வேலை செய்பவர். முதுகுக்கு ஏற்றபடி சாயும் கதிரை ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். அதைப் பற்றி ஆசையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே கிராதியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோவிக்காதேங்கோ வாசுகி. நீங்கள் என்னைக் கட்டினா உங்களுக்கு அலுக்கும். நான் உங்களைக் கட்டினா எனக்குத் தலை சுத்தும்."

வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு நேர்மையாக ஒன்றைச் சொன்னதில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். போன் அடித்தது. லால் அங்கிள். அவர் கத்தியது சோபாவரை கேட்டிருக்கும்.

"மிஸ்! மிஸ்கே போட்டுவ கியா!"

என் வள்ளம் போய்விட்டதாம். காற்று எழும்பிவிட்டது, எங்கள் வள்ளம் தாச்சியையும் இழுத்துக்கொண்டு ஏரியின் மறுகரையை நோக்கிப் போகிறது, அங்கே விடுதியொன்றின் படகுத்துறையில் யாருக்கோ கலியாணப் படம் எடுக்கிறார்கள். அவருடைய எஞ்சின் படகு பழுதுபார்க்கக் கரையில் கழற்றிக் கிடக்கிறது, துடுப்புப் படகில் தனியாளாகப் போய் வள்ளத்தைக் கொண்டுவர முடியாது. நாங்கள்தான் வரவேண்டும்.

மறுபடியும் மூன்று மாடி. எனக்குப் பின்னால் பர்ஹானா, அப்பா, மாப்பிள்ளை வீடு முழுவதும். கீழே மாமா இன்னும் வரவில்லை. வெளியே ஒரு ஓட்டோவும் இல்லை.

"கொளுக்கியை வெட்ட விடமாட்டன்," என்று அப்பா கல்லின் ஒரு பக்கத்தில் நின்றார்.

"பம்பரில ஆரும் கைவைக்கக்கூடாது," என்று அன்ரி மறுபக்கத்தில் நின்றார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அரவிந்தன். "யோசிச்சுச் செய்வம்."

யோசித்துச் செய்வது! என் வள்ளம் யாரோ ஒருவரின் கலியாணப் படத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கார்க் கதவு திறந்திருந்தது. சாவி அதிலேயே இருந்தது. என் கால் முடிவெடுத்தது. தலைக்கு அதில் பங்கில்லை. ஏறினேன், சாவியைத் திருப்பினேன், "அன்ரி, தள்ளி நில்லுங்கோ!" என்று கத்திவிட்டு அழுத்தினேன்.

பம்பர் கழன்றது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. பிரசவம் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கார் வாசல்வரை பாய்ந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கல்லின்மேல், இலக்கத்தகட்டோடு, ஒரு முழு பம்பர், சிலைக்குப் போட்ட மாலை மாதிரிக் கிடந்தது. அன்ரி பூச்சாடியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பெண் பார்க்க வந்தவரின் காரை அவருடைய கண்முன்னாலேயே உடைத்தவள் இந்த நகரத்தில் வேறு யாராவது இருப்பாளா? ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். யன்னலில் யாரோ தட்டினார்கள். மகேந்திரன் அங்கிள். ஏச்சுக்குத் தயாரானேன்.

"அங்கால தள்ளியிரு பிள்ளை," என்றார். "நான் ஓடுறன். வள்ளம் போய்க்கொண்டெல்லே இருக்கு!"

அங்கிள், அப்பா, பர்ஹானா, நான். நாலு பேரோடு, பம்பர் இல்லாத, பின்னால் இலக்கமும் இல்லாத கார் காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பறந்தது. பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லோரும் ஹோன் அடித்து எங்களுக்கு அதைத் தெரிவித்தார்கள். "தெரியும்! தெரியும்!" என்று பர்ஹானா யன்னலால் கைகாட்டிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் கட் அடித்தவனின் முகம்.

பொல்கொடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வள்ளம் நின்றுவிட்டிருந்தது. படகுத்துறைக்குச் சற்று முன்னால், நடுத்தண்ணீரில், காற்றுக்கு ஆடிக்கொண்டு, ஆனால் ஓரடி நகராமல். காளான் வகை நங்கூரம் போட்டவுடன் பிடிக்காதாம். இழுபட்டு இழுபட்டுச் சேற்றை அள்ளி, தானும் மெல்லப் புதைந்த பிறகுதான் பிடிக்குமாம். படத்துக்குக் கீழே நான் வாசிக்காமல் விட்டது அதுதான். கொட்டாஞ்சேனைத் தாச்சி வயிறு நிறையச் சேறு குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. படகுத்துறையில் மணமகளும் மணமகனும் எங்கள் வள்ளத்தைப் பின்னணியாக வைத்துச் சந்தோசமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லால் அங்கிளின் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போய் வள்ளத்தைக் கொண்டுவரவேண்டும். நான் சேலையைச் செருகினேன். அதற்குள் மகேந்திரன் அங்கிள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"அங்கிள், உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்று அப்பா பின்னால் ஏறினார்.

லால் அங்கிள் ஓடிவந்து இரண்டு பேருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். பிறகு நடந்ததைக் கரையிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. எங்கள் வள்ளத்துக்கு மாறி, கயிற்றை அவிழ்த்து, எஞ்சினை இழுத்தார்கள். அது வழக்கம்போல இருமிவிட்டு நின்றது. துடுப்பை எடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் வலித்தார்கள், ஆளுக்கொரு திசையில். வள்ளம் வட்டமடித்தது. "இடது! இடது!" என்று அப்பாவும், "உது வலது ஐயா!" என்று அங்கிளும் கத்தியது ஏரி முழுக்கக் கேட்டது. நானும் பர்ஹானாவும் பசியோடு, சேறு பிடித்த பட்டுச்சேலையோடு, வெகுநேரம் காத்திருந்தோம். நேராகப் போகக் கற்றுக்கொண்ட பிறகும் அவர்கள் கரைக்கு வரவில்லை. கூப்பிட்டால் கையசைத்தார்கள்.

வெள்ளவத்தையில் மாமா சாப்பாடு முடித்து, இரும்பு வெட்டும் மெஷினோடு வந்திறங்கியபோது, ஒரு கல்லையும் அதன்மேல் ஒரு பம்பரையும்தான் கண்டாராம். "கார வெட்டியா எடுத்தீங்க?" என்று கேட்டாராம்.

இரண்டு நாள் கழித்துக் கல்கிசையிலிருந்து அன்ரி போன் எடுத்து, இன்னொரு சாத்திரி பார்த்ததில் பொருத்தம் இல்லையென்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பம்பருக்கு நான் பொறுப்பு என்று அங்கிளிடம் சொன்னேன். அவர் பணம் வேண்டாம், வள்ளத்தில் ஒரு பங்கு தா என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. கட்டைக் காற்சட்டை, தொப்பி, கையில் இடியப்பப் பார்சல். "அப்பா வெளிக்கிட்டாச்சோ?" என்றார் அங்கிள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அரவிந்தன் பிறகு அமைதியான ஒரு பெண்ணைக் கட்டினார். அந்தக் கலியாணத்தில் நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். கல் இன்னும் எங்கள் தரிப்பிடத்தில்தான். நிர்வாகக் குழு அதற்கு மஞ்சளும் கறுப்புமாகக் கோடு அடித்துவிட்டது.

அம்மா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார்: "என்ர மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்கேல்லை. எங்களுக்குச் சம்பந்தி கிடைச்சிட்டார்." முதலில் கோபத்தில் சொன்னார். பிறகு பகிடியாகச் சொன்னார். பிறகு அதுவே அங்கிளின் பெயராகிவிட்டது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு சுரேனின் தாய்தகப்பன் என்னைப் பார்க்க வந்தார்கள். (சுரேன்தான் இப்போது என் கணவர். அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.) அது ஒரு சனிக்கிழமை என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். எல்லோரும் நல்லபடியாக அமர்ந்து, முதல் வாய்த் தேத்தண்ணி குடிக்கும்போது, காலெல்லாம் சேறாக அங்கிள் உள்ளே வந்து, உரிமையோடு சோபாவில் சாய்ந்தார். அம்மா பழக்கதோசத்தில் சிரித்துக்கொண்டு அறிமுகப்படுத்தினார்.

"இவர் எங்கட சம்பந்தி."

சுரேனின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். அங்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகத் தன் கணவரைப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் ஆர்?"

விளங்கப்படுத்தி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. சுரேனின் அம்மா, அதாவது இப்போது என் மாமி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதம் சொன்னார். ஆனால் விட்டுவிடவில்லை. இன்றைக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தால், "ரெண்டாவது சம்பந்தி கதைக்கிறன்," என்றுதான் தொடங்குவார்.